எழுபது வளைவு, எட்டுக் கிலோ புண்ணியம்!

என் நண்பன் ஒருவன் இருக்கிறான். பேங்க் உத்தியோகம். பத்து வருஷமாக நேபாளம் போய்க்கொண்டே இருக்கிறான். அதாவது, இன்னும் போகவில்லை. போய்க்கொண்டே இருக்கிறான்!

2015 ஏப்ரல் 25-ந் தேதி நேபாளத்தில் பூகம்பம் வந்து ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு இறந்துபோனார்களே, அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தபடி எடுத்த முடிவு அது. "மச்சான், முக்திநாத் தரிசனம். 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல. அப்படியே ஏதாவது ஒரு மலைக்கிராமத்துல பத்து நாள் தங்கி ஸ்கூல் கட்டற வேலை. சாமியும் ஆச்சு, சேவையும் ஆச்சு!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பி.காம். எதைக் கேட்டாலும் கை தானாகக் கணக்குப் போடும். ரயில், விமானம், ஜீப், ஸ்வெட்டர், உயரத்தில் மூச்சுத் திணறினால் டாக்டர்... கூட்டிப் பார்த்தால் அவனுக்கு இரண்டு மாசச் சம்பளம். எனக்கு? பகலில் நாலு கடைக்குக் கணக்கு எழுதி, ராத்திரி பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஆறு மாச வரும்படி! பணம் கிடக்கட்டும், லீவு? பதினைந்து நாள் கேட்ட அவனுக்கு மேனேஜர் தந்தது, ஒரு நாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அது ஏற்கெனவே லீவுதான் என்று இவனும் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எந்த நாட்டு மலைக்குப் போய் வர முடியும்?

"கொல்லிமலை" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு எட்டு வயசில் மஞ்சள் காமாலை கண்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தபோது, "பையன் பிழைச்சு எழுந்தா ஆகாய கங்கையில முழுக்காட்டி அறப்பளீஸ்வரர் சந்நிதிக்குக் கூட்டிட்டு வர்றேன்" என்று அப்பா வேண்டிக்கொண்டாராம். பையன் எழுந்துவிட்டான். அப்பாவுக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வேலை. "அடுத்த ஆடிக்குப் போயிரலாம்" என்று வருஷா வருஷம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்தும் போனார்.

கிளம்புகிற அன்று அம்மா ஒரு பித்தளைத் தூக்குப்போசியைக் கையில் கொடுத்தாள். "என் முட்டிக்கு அந்தப் படி ஆகாது. உங்கப்பா பாக்கி வெச்சுட்டுப் போயிட்டாரு. நீ முழுகிட்டு, எனக்கு ஒரு வாய் தண்ணி கொண்டாந்துரு. அது போதும்."

பாக்கி! கணக்கு எழுதுகிறவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

வளைவு... வளைவு... எலுமிச்சம்பழம்!

மொத்தம் ஐந்து பேர். ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு. திட்டம் நண்பனுடையது. ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா என்று மலையில் ஜனம் அலைமோதும். கூட்டம் இறங்கிய பிறகு குப்பை மட்டும் மேலே தங்கிவிடும். அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்வது நம் சேவை. குளியல், தரிசனம் ஆன்மிகம். ஆளுக்கு ரெண்டு உரச்சாக்கு, ஒரு ஜோடி கையுறை. "நேபாளத்துக்கு இது ரிகர்சல்" என்றான்.

நாமக்கல்லில் ஏறி, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். பத்தாவது வளைவு வரை எல்லாரும் எண்ணினோம். முப்பதில் பேச்சு நின்றது. நாற்பதில், எவரெஸ்ட் பேசிக்கொண்டு வந்த நண்பன் பக்கத்து ஸீட் அம்மாளிடம், "அக்கா, அந்த எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் மோந்துட்டுத் தர்றேங்க" என்று கை நீட்டினான்!

மேலே சோளக்காடு, பிறகு செம்மேடு. ஓரியின் சிலை நிற்கிற ஊர். ஒரே அம்பில் பல மிருகங்களைத் துளைத்தவன் என்று சங்கப் புலவர்கள் கொண்டாடிய வில்லாளி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். சேரனுக்காகப் படையெடுத்து வந்த மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்றான். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மலை அவனை மறக்கவில்லை. கொடுத்தவன் பெயர் நிற்கும் என்பதற்கு ஓரியே சாட்சி.

இங்கே இருக்கிறவர்கள் மலையாளிகள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் டீக்கடைக்காரரிடம் "கேரளாவுல எந்த ஊருங்க?" என்று விசாரித்துவிட்டார். கடைக்காரர் சிரித்தார். "மலையை ஆளறவங்கன்னு மலையாளிங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் காஞ்சிபுரத்திலேர்ந்து வந்தவங்க." இந்த மக்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, கல்வராயன், பச்சைமலை என்று சுற்றிலும் உள்ள மலைகளில் பரவி வாழ்கிறார்கள். பேசுகிற தமிழும் நம்முடையதுதான். நாம்தான் கேரளாவுக்கு அனுப்பி வைத்துவிடுகிறோம்!

சாமி மீனாக இருக்கிற ஊர்

அறப்பளீஸ்வரர் கோயில் பெரியகோவிலூரில் இருக்கிறது. தேவாரத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிற வைப்புத் தலம். அம்பலவாணக் கவிராயர் இந்தச் சாமி மேல்தான் 'அறப்பளீசுர சதகம்' பாடினார். கோயில் பக்கத்தில் ஓடுகிற ஆற்றில் மீன்கள் உண்டு. அவற்றைப் பிடிக்க மாட்டார்கள், பொரிதான் போடுவார்கள். ஒரு காலத்தில் யாரோ பிடித்து அறுத்துச் சமைக்கப் போக, துண்டுகள் ஒன்றுசேர்ந்து மீன் மறுபடி நீந்திப் போய்விட்டதாம். அதிலிருந்து சாமிக்கு 'அறுத்த மீனைப் பொருத்தியவர்' என்று பேர். ஊர்க்காரர்களுக்கு அந்த மீனே சாமி.

தரிசனம் முடிந்தது. கோயிலுக்குப் பக்கத்திலிருந்தே ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேலே. நான் எண்ணிக்கொண்டே போய் 312-ல் விட்டுவிட்டேன். வழியில் கோரக்கர் குகை என்கிறார்கள், சித்தர்கள் தவம் செய்த இடம் என்கிறார்கள். கீழே போய் நிமிர்ந்தால், அடேயப்பா! ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து அப்படியே விழுகிறது. சாரலே ஆளைத் தள்ளுகிறது. முழுகினேன். ஒரு நிமிஷம் அப்பா ஞாபகம். தண்ணீரில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

தூக்குப்போசியில் தண்ணீர் பிடித்து மூடினேன். ஆன்மிகம் முடிந்தது. அடுத்து சேவை.

சேவைக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தோஷம் கழியட்டும் என்று அவிழ்த்துப் போட்ட வேட்டி சட்டை, பாறை இடுக்கில் குவார்ட்டர் பாட்டில்! ஒருதடவை உபயோகித்துத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை. தடை அடிவாரத்தில் நின்றுகொண்டது, பிளாஸ்டிக் மட்டும் எழுபது வளைவும் ஏறி வந்துவிட்டது.

இரண்டு மணி நேரத்தில் சாக்குகள் நிறைந்தன. போட்டோ எடுத்தோம். (முதலில் போட்டோ, பிறகுதான் மிச்சக் குப்பை என்பது வேறு விஷயம்.) சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தோம்.

இறங்குகிற படி வேறு, ஏறுகிற படி வேறு! எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் வேறு. பாதி வழியில் என் வலது கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மற்ற நாலு பேரும் முன்னால் போய்விட்டார்கள். ஒரு பக்கம் குப்பைச் சாக்கு, ஒரு பக்கம் தீர்த்தம், நடுவில் தொண்டர்!

"எங்க கொண்டுபோயிக் கொட்டுவீங்க?"

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்தார். எழுபது வயசிருக்கும். தலையில் விறகுச் சுமை. இறக்கி வைத்துவிட்டு என் காலைப் பிடித்து நாலு தேய்ப்பு, ஒரு இழுப்பு. உயிர் போய் வந்தது. கால் நேரானது. தன் ஏனத்திலிருந்து கேழ்வரகுக் கூழ் ஊற்றித் தந்தார். குடித்து முடிக்கிற வரை சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இதையெல்லாம் எங்க கொண்டுபோயிக் கொட்டுவீங்க?"

"மேல ரோட்டோரம் ஒரு பள்ளம் பார்த்து வெச்சிருக்கோம் பாட்டி. அங்க போட்டுக் கொளுத்திருவோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அந்தப் பள்ளத்துக்குக் கீழதான் எங்க காடு" என்றார். கோபமே இல்லை, விலாசம் சொல்கிற மாதிரி. "போன வருசமும் உங்களாட்டம் பையனுங்க வந்து பொறுக்கி அங்கதான் கொட்டுனாங்க. பாதி எரிஞ்சுது. மீதி மழையில அடிச்சிக்கிட்டு ஆத்துக்கே வந்துருச்சு. மீனு சாமி கண்ணு அது. அது வாயில கவரு சிக்கிக் கெடந்ததை நான் பார்த்தேன்."

நான் பேசவில்லை. என்ன பேச? கணக்கு பாஷையில் சொன்னால், ஒரு லெட்ஜரிலிருந்து இன்னொரு லெட்ஜருக்கு மாற்றி எழுதிவிட்டுக் கடன் தீர்ந்தது என்று கை தட்டியிருக்கிறோம்.

"அப்ப என்ன பண்ணட்டும் பாட்டி?"

"எங்கிருந்து வந்துச்சோ, அங்க கொண்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். விறகைத் தலையில் தூக்கினார். என் சாக்கை இடுப்பில் இடுக்கினார். "நீ தண்ணியை மட்டும் பத்திரமாத் தூக்கிட்டு வா சாமி" என்று முன்னால் ஏற ஆரம்பித்தார். சேவை செய்யப் போனவன் சேவை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கேட்டுச் செய்வது

படியேறும்போது பாட்டி கதை சொன்னார். சின்ன வயசில் மலை முழுக்கச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுதானாம். "இப்ப எல்லாம் குச்சிக்கிழங்கு." அந்தக் கிழங்கு எங்கே போகிறது? நம் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு! 1940-களில் சேலத்தில் தொடங்கிய தொழில் அது. நாம் கல்யாணத்தில் பாயசமாகக் குடிப்பது இந்த மலையின் சாமைக்காட்டை.

"சாமை ஏன் பாட்டி விட்டுட்டீங்க?"

"குத்தறது யாரு?" என்று உள்ளங்கையைக் காட்டினார். உலக்கை பிடித்த காய்ப்பு இன்னும் இருந்தது. ஒரு வேளைச் சோற்றுக்கு உரலில் மணிக்கணக்காகக் குத்த வேண்டும். ரேஷன் அரிசி வந்த பிறகு எந்தப் பெண் குத்துவாள்?

இதைப் படித்த ஒருவர் பெரிய புள்ளிவிவரமெல்லாம் சேர்த்து, "பாரம்பரிய தானியத்தைக் காப்போம்" என்று மேடையில் முழங்கிவிட்டுப் போயிருக்கலாம். கொல்லிமலையில் வேறு விதமாக நடந்தது. சென்னையில் 1988-ல் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காக்கிற வேலை செய்தது. விதையைக் காக்க வேண்டுமானால் முதலில் பெண்களின் கையைக் காக்க வேண்டும் என்று புரிந்துகொண்டு, தானியம் புடைக்க, உமி நீக்க ஊர்களில் சின்ன மில்கள் வைத்தார்கள். சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின, தானியத்தைப் பாக்கெட் போட்டு விற்றன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோது நாமெல்லாம் திடீரென்று சாமைப் பொங்கல் சாப்பிட்டோமே, அதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்த காரியம் இது.

இன்னொன்று. எங்களிடமிருந்து வடக்கே, தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. அங்கேயும் இதே மலையாளி மக்கள்தான் அதிகம். 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே போய் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 140-க்கும் மேல் ஒரு வயசுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பிரசவம் பார்க்க, குழந்தைக்கு எடை போட, மருந்து கொடுக்கப் பழக்கினார்கள். குடிசை ஆஸ்பத்திரியானது. அந்த 140 என்பது இருபதை ஒட்டி இறங்கியது. வியாதி வருவதே வறுமையால்தான் என்று தெரிந்ததும் இயற்கை விவசாயம், லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி என்று வேலை விரிந்தது.

கவனியுங்கள், அவர்களும் ஒரு மலைக்குப் போனவர்கள்தான். நாங்களும் போனோம். வித்தியாசம் என்ன? நாங்கள் சாயங்கால பஸ்ஸுக்கு டைம் பார்த்தோம். அவர்கள் தங்கிவிட்டார்கள்!

எல்லாராலும் தங்க முடியாது ஸார். வீட்டு வாடகை, இ.எம்.ஐ., குழந்தைக்கு ஃபீஸ். ஆனால், கேட்க முடியுமே? "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய லீவு லெட்டர் வேண்டியதில்லை.

எவரெஸ்ட் கணக்கு

மேலே வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லாரும் பள்ளத்தைப் பார்த்தோம். போன வருஷத்துக் கருகல் இன்னும் தெரிந்தது. அன்னாசிப்பழக் கடைத் தராசில் சாக்குகளை நிறுத்தோம். மொத்தம் 41 கிலோ. ஐந்து பேர்.

நேபாள நண்பன் துள்ளினான். "மச்சான், ஆளுக்கு எட்டுக் கிலோ! 2014-ல நேபாளத்துல என்ன ரூல் போட்டான் தெரியுமா? எவரெஸ்ட் ஏறுற ஒவ்வொருத்தனும் எட்டுக் கிலோ குப்பையைக் கீழ கொண்டு வரணும். அதுக்கு நாலாயிரம் டாலர் டெபாசிட்!"

அப்போதைக்கு எங்களுக்கு நாலாயிரம் டாலர் பெறுமானமுள்ள சந்தோஷம். அது பஸ் வந்து நிற்கிற வரைக்கும்தான். கண்டக்டர் சாக்குகளை முகர்ந்து பார்த்தார். "என்னங்க இது?"

"குப்பைங்க."

"கீழேர்ந்து மேல கொண்டாந்து போடுவாங்க, பார்த்திருக்கேன். மேலேர்ந்து கீழ கொண்டுபோறவங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார். சிரிப்புக்குத் தள்ளுபடி கிடையாது! இறங்குகிற எழுபது வளைவும் சாக்கு ஒரு பக்கம் சாய, நாங்கள் ஒரு பக்கம் சாய, தூக்குப்போசியை மட்டும் மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டேன்.

நாமக்கல்லில் பழைய இரும்புக் கடைக்காரர் தண்ணீர் பாட்டில் ஆறு கிலோவுக்கு 72 ரூபாயும், கண்ணாடி பாட்டில் 24-க்கு 24 ரூபாயும் கொடுத்தார். ஆக 96. கவர்களை அவர் தொடவில்லை. அவற்றைத் தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, ஈரத்துணி வேற, பிளாஸ்டிக் வேற. பிரிச்சுக் குடுங்க" என்றார். தெரு விளக்கடியில் உட்கார்ந்து பிரித்தோம். ராத்திரி பத்து மணிக்குச் சேவை முடிந்தது.

நீலகிரியில் 2022-ல் ஒரு முறை கொண்டுவந்தார்கள். மதுபாட்டில் விலையோடு பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாயையும் திருப்பித் தருவது. காட்டில் யானைக் காலில் குத்துகிற பாட்டில், கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தது. பக்தி செய்யாததைப் பத்து ரூபாய் செய்கிறது! ஆடிப்பெருக்குக்கு மலையேறுகிற ஒவ்வொரு தண்ணீர் பாட்டிலுக்கும் காரவள்ளி அடிவாரத்திலேயே பத்து ரூபாய் டெபாசிட் வாங்கினால் என்ன? யோசனைக்குக் காசு இல்லை, சொல்லி வைக்கிறேன்.

போகிறவர்களுக்கு...

சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கொல்லிமலைக்கு பஸ் உண்டு. காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சாயங்காலம் திரும்பலாம். இறங்கும் முன் ஆகாய கங்கையில் அன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா என்று மேலேயே விசாரித்துவிடுங்கள், வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அறப்பளீஸ்வரரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாட்டிலுக்குப் பதில் தூக்குப்போசி. கைக்கு ஒரு எலுமிச்சம்பழம். கொண்டு போனதைக் கொண்டு வாருங்கள். முடிந்தால், பக்கத்தில் கிடப்பதில் ஒரு கிலோவும்.

பாக்கி

வீட்டுக்கு வந்து தூக்குப்போசியை அம்மா கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் எடுத்து அப்பா படத்தின் கண்ணாடி மேல் தெளித்தாள். பிறகு, நடந்த கதை முழுவதும் கேட்டாள். கால் சுருட்டியது, கூழ், சாக்கு, மீன்.

"அந்தம்மா பேரு என்ன?"

நான் விழித்தேன்.

அரை மணி நேரம் அவர் கூடப் படியேறியிருக்கிறேன். அவர் கையால் கூழ் குடித்திருக்கிறேன். என் காலைத் தேய்த்துவிட்டவர், என் குப்பையைச் சுமந்தவர். சாமை பற்றிக் கேட்டேன், கிழங்கு பற்றிக் கேட்டேன். பேர் கேட்கவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காலி தூக்குப்போசியைக் கழுவித் துடைத்து, அலமாரியில் வைக்காமல், என் ஜோல்னாப்பை பக்கத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பா பாக்கி தீர்ந்தது. இப்போது என் பேரில் ஒன்று ஏறியிருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் போகிறேன். இரும்புக் கடையில் கிடைத்த 96 ரூபாயோடு கொஞ்சம் போட்டு, பாட்டிக்கு நல்ல வெற்றிலை பாக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

நேபாள நண்பனும் வருகிறான். இந்தத் தடவை எலுமிச்சம்பழம் அவன் சொந்தச் செலவு!